லாலி ஏன் தோற்றார்? ஒரு பிரெஞ்சுத் தளபதியை வைத்துக் காலனியப் போரைப் புரிந்துகொள்வோம்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருப்போம்: வந்தவாசிப் போர், ஆண்டு 1760, வென்றவர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், தோற்றவர் கவுன்ட் டி லாலி. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த லாலி யார், அவர் எங்கிருந்து வந்தார், வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் மோசமான தளபதி இல்லை. ஐரோப்பாவில் முற்றுகைப் போரை நன்றாகக் கற்றவர், போர்க்களத்திலேயே பதவி உயர்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் சோழமண்டலக் கரையில் மூன்றே வருடத்தில் எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் பாரிஸில் தலையையும் இழந்தார். ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் "காலனியப் போர்" என்பது என்னவென்று தானாகப் பிடிபட்டுவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரையை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சொல்லப் போகிறேன். முன்பின் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் போர் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1700களில் பிரான்ஸ் மாதிரியான ஒரு நாடு போருக்குப் போனால், அந்தப் போருக்குப் பின்னால் ஒரு முழு அரசாங்கம் நின்றது. எல்லையோரக் கோட்டைகளில் முன்கூட்டியே மாவும் வெடிமருந்தும் சேர்த்து வைத்திருப்பார்கள். ஃபிளாண்டர்ஸ் பக்கம் ஆறும் கால்வாயும் நிறைய, பீரங்கியைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். வண்டி ஓட்டுவதற்கென்று ஒப்பந்தக்காரர்கள் உண்டு. சம்பளம் தாமதமாகும், ஆனாலும் எங்கோ ஓர் அரசு கஜானா இருக்கிறது, வரி வந்துகொண்டிருக்கிறது. தளபதியின் வேலை சண்டை. மாட்டையும் அரிசியையும் தேடி அலைய வேண்டியதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

லாலி இந்த உலகத்தில் பிறந்து வளர்ந்தவர். 1702இல் தென்கிழக்குப் பிரான்சில் ரோமான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். முழுப்பெயர் தோமா ஆர்தர் லாலி. பெயரைப் பார்த்தாலே தெரியும், அப்பா பிரெஞ்சுக்காரர் இல்லை, அயர்லாந்துக்காரர். இங்கிலாந்தில் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸ் பதவி இழந்ததும் அவருக்காகப் போரிட்ட அயர்லாந்து வீரர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் அவர்களுக்கென்றே தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. லாலியின் அப்பா அதில் ஓர் அதிகாரி. பையன் சின்ன வயதிலிருந்தே முகாமில் வளர்ந்தவன். ஆங்கிலேயர்மேல் இருந்த கோபம் அந்தக் குடும்பத்துக்குச் சொத்து மாதிரி, அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. இதை மறக்காதீர்கள், பின்னால் அவர் செய்த அவசரங்களுக்கெல்லாம் இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1733இல் கேல், 1734இல் பிலிப்ஸ்பர்க் என்று ரைன் நதிக்கரை முற்றுகைகளில் பணியாற்றினார். பிறகு 1744இல் அவர் பெயரிலேயே ஒரு ரெஜிமென்ட் உருவானது. 1745 மே 11 அன்று ஃபோன்டெனாய் போர், இன்றைய பெல்ஜியத்தில். கம்பர்லாந்து பிரபுவின் தலைமையில் ஆங்கிலேயக் காலாட்படை பிரெஞ்சு அணியின் நடுவைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது. அந்த நேரத்தில் அயர்லாந்துப் படை பக்கவாட்டில் பாய்ந்து மோதியது, வெற்றியில் அதற்குப் பெரிய பங்கு. பதினைந்தாம் லூயி அரசர் களத்திலேயே லாலிக்குப் பிரிகேடியர் பதவி கொடுத்தார். அடுத்த ஜனவரியில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் கிளர்ச்சி நடத்தியபோது ஃபால்கிர்க் போரில் அவர் பக்கத்தில் நின்றவரும் இந்த லாலிதான். அப்புறம் லாஃபெல்ட், பெர்கன்-ஒப்-சூம், மாஸ்ட்ரிக்ட் என்று தொடர்ந்து சண்டை. ஐம்பது வயதை நெருங்கும்போது பிரெஞ்சு ராணுவத்தில் மதிப்புள்ள பெயர் அவருடையது.

சரி, இப்போது நம் பக்கம் வருவோம்.

இங்கே பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை என்று சொல்கிறோமே, உண்மையில் சண்டை போட்டுக்கொண்டது இரண்டு வியாபாரக் கும்பெனிகள். துணி வாங்கவும் விற்கவும் வந்தவர்கள், புதுச்சேரியில் ஒன்று, சென்னையில் ஒன்று. ஆற்காட்டு நவாப் பதவிக்கு யார் வருவது என்று உள்ளூரில் தகராறு வந்தபோது ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப் பக்கம், ஆங்கிலேயர் முகமது அலி பக்கம். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இந்த விளையாட்டில் கெட்டிக்காரர். ஐதராபாத் நிஜாம் அவையில் புஸ்ஸி என்ற அதிகாரியை ஒரு சின்னப் படையோடு உட்கார வைத்து, அந்தப் படையின் செலவுக்கு ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களின் வருவாயையே எழுதி வாங்கிவிட்டார்கள். ஆனால் கும்பெனியின் முதலாளிகளுக்கு லாபம்தான் கணக்கு. போருக்குப் பணம் போகிறதே என்று 1754இல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் காலனியப் போரின் முதல் விதி இருக்கிறது. போருக்கான பணம் பாரிஸிலிருந்து வராது. வந்தாலும் ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் வரும். சிப்பாய்க்குச் சம்பளம், மாட்டுக்குத் தீவனம், ஒற்றனுக்குக் கூலி, நவாப்புக்கு நஜர் என்ற காணிக்கை எல்லாம் இந்த மண்ணிலேயே திரட்டியாக வேண்டும். அதாவது நிலவரியைக் கையில் வைத்திருக்கிற ஆள் வேண்டும், அவரோடு உறவு வேண்டும், அந்த உறவைக் காப்பாற்றுகிற பொறுமை வேண்டும்.

இரண்டாவது விதி கடல். இதை நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் அப்போது துறைமுகம் என்று ஒன்று கிடையாது, திறந்த கடல்தான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவர மசூலாப் படகும் கட்டுமரமும்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எந்தக் கப்பலும் அங்கே நிற்க முடியாது, புயலில் சிக்கினால் உடைந்துபோகும். ஆகவே மழைக்காலத்தில் இரு நாட்டுக் கப்பற்படையும் கரையை விட்டுப் போயாக வேண்டும். ஆங்கிலேயருக்கு ஒதுங்க பம்பாய் இருந்தது, அங்கே கப்பலைப் பழுது பார்க்கிற துறையும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸ் வரைக்கும் போக வேண்டும், அப்போது அதற்குப் பெயர் பிரான்ஸ் தீவு. தூரத்தைப் பாருங்கள். அந்தத் தீவிலும் உணவுக்குத் தட்டுப்பாடு. கரையில் யார் ஜெயித்தாலும், கப்பல் எப்போது திரும்பி வரும் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

1756இல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் வெடித்ததும், இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரைத் துரத்த ஒரு தளபதி வேண்டும் என்று பிரான்ஸ் தேடி லாலியைத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலேயரை வெறுப்பவர், துணிச்சல்காரர், லஞ்சம் வாங்காதவர், வேறென்ன வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அவருடைய முன்கோபம் பற்றி எச்சரித்தவர்களும் இருந்தார்கள். 1757 மே 2 அன்று பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். கப்பற்படைக்குத் தலைவர் தாஷே பிரபு. புதுச்சேரி வந்து சேர்ந்தது 1758 ஏப்ரல் 28.

கிட்டத்தட்ட ஒரு வருடம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் கடலில் இருந்த அந்த ஒரு வருடத்துக்குள் ஜூன் 23 அன்று கிளைவ் பிளாசியில் வங்காள நவாபைத் தோற்கடித்துவிட்டார். அதற்கு முன்பே வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சந்தன்நகரும் விழுந்திருந்தது. இந்தியாவிலேயே மிகப் பணக்கார மாகாணங்களில் ஒன்று ஆங்கிலேயக் கும்பெனியின் பிடிக்குள் வந்துவிட்டது. அதாவது லாலி கரையில் கால் வைப்பதற்கு முன்பே எதிராளியின் பணப்பெட்டி நிரம்பிவிட்டது. வழியில் நோயால் அவருடைய ஆட்கள் நிறையப் பேர் வேறு இறந்துபோயிருந்தார்கள்.

புதுச்சேரியில் அப்போது கவர்னர் துவால் தெ லெரி. பண நிலைமையைக் கேட்டால் கஜானா காலி. மாடு இல்லை, வண்டி இல்லை, கூலியாட்கள் ஏற்பாடு இல்லை. ஐரோப்பாவில் பழகிய ஒருவருக்கு இது எப்படித் தோன்றும்? "இந்தக் கும்பெனிக்காரர்கள் எல்லோரும் திருடர்கள், வேண்டுமென்றே என்னைக் கெடுக்கிறார்கள்" என்றுதான் தோன்றியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மைதான், கும்பெனி அதிகாரிகள் பலர் தனி வியாபாரத்தில் பணம் சேர்த்துக்கொண்டு கும்பெனியைக் கடனில் விட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் இல்லாமல் இங்கே ஒரு மூட்டை அரிசி நகராது என்பதும் உண்மை. எல்லோரையும் முதல் நாளிலிருந்தே பகைத்துக்கொண்டார்.

வந்த அன்று மாலையே கடலூருக்குப் படையை அனுப்பினார். சோறு ஏற்பாடு இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை. ஆள் இல்லையென்றதும் புதுச்சேரி மக்களைப் பிடித்து, எந்தச் சாதி என்று பார்க்காமல், பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் விரட்டினார்கள். இதைப் படிக்கும்போது சிலருக்கு "பரவாயில்லையே, சாதி பார்க்காத மனிதர்" என்று தோன்றலாம். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கூலி பேசி வேலைக்குக் கூப்பிட்டதல்ல இது, தெருவில் போனவர்களைப் பிடித்து இழுத்துப்போன கட்டாய வேலை. அதன் விளைவு உடனே தெரிந்தது. ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள், அடுத்த முறை சுமை தூக்க ஆள் இன்னும் குறைந்தது. டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதிவந்தாரே, அவர் அப்போது புதுச்சேரியில்தான் இருந்தார். உள்ளூர் வணிகர், அரசர், கூலியாள் எல்லோரோடும் பேசிக் காரியம் முடிக்கிற அவர் போன்றவர்களின் உழைப்பில்தான் அந்த நகரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் லாலி உடைத்தார்.

ஆனாலும் சண்டை என்று வந்தால் அவருக்குத் தொழில் தெரியும். கடலூரைப் பிடித்தார். தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை, டூப்ளேயால் முயன்றும் பிடிக்க முடியாத கோட்டை, ஜூன் 2 அன்று சரணடைந்தது. வந்து ஐந்தே வாரம். முறையாகப் பதுங்குகுழி தோண்டி, பீரங்கி மேடை அமைத்து, ஐரோப்பாவில் கற்றதை அப்படியே செய்து காட்டினார். பிறகு அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார். இந்த இடிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சென்னை. அங்கேதான் போயிருக்க வேண்டும், அவரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் தாஷே கப்பலோடு வர மறுத்துவிட்டார், கஜானாவிலும் பணம் இல்லை. என்ன செய்வது? தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாப சிங் பல வருடங்களுக்கு முன் சந்தா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்த ஒரு கடன் பத்திரம் கும்பெனியிடம் கிடந்தது, 56 லட்சம் ரூபாய்க்கு. அதை வசூலிக்கலாம் என்று யாரோ யோசனை சொல்ல, லாலி படையோடு தெற்கே கிளம்பினார்.

காலனியப் போரின் அசல் முகத்தைப் பார்க்க இந்தத் தஞ்சாவூர்ப் பயணம் ஒன்றே போதும் என்பேன். எங்கேயும் உணவு சேர்த்து வைக்கவில்லை, எனவே படை போகிற வழியில் கிடைத்ததைத் தின்றது, கிடைக்காதபோது கொள்ளையடித்தது. காரைக்கால் வழியாகப் போய் நாகூரில் வணிகர்களிடம் பணம் பிடுங்கினார்கள். கீழ்வேளூரில் கோயிலுக்குள் புதையல் இருக்கும் என்று நம்பி அதைச் சூறையாடினார்கள், குளத்தைக்கூடத் துழாவினார்கள். எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. பிறகு கோயிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்த ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார் லாலி. தங்கள் கோயிலுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்களாக இருக்கலாம், அவர் விசாரிக்கவில்லை. ஃபோன்டெனாய் வீரர் என்று முன்னால் புகழ்ந்த அதே மனிதர்தான் இவர். ஐரோப்பாவில் ஒரு தேவாலயத்தில் இப்படிச் செய்துவிட்டு அவர் பதவியில் நீடித்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே செய்ய முடிந்தது. காலனி என்ற சொல்லின் பொருள் எனக்கு இந்தச் சம்பவத்தில்தான் முழுதாக விளங்கியது.

இந்தச் செய்தி பரவியதும் காவிரி டெல்டாவில் யார் அவருக்கு நெல் விற்பார்கள்? பிரதாப சிங் பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போனார், திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் அவருக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள். லாலியின் படையில் வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினம் பக்கம் கடலில் தாஷேயும் ஆங்கிலேய அட்மிரல் போகாக்கும் மோதினார்கள், தாஷே அடிபட்டுத் திரும்பினார். அந்தச் செய்தி தஞ்சை முகாமுக்கு வந்ததும் முற்றுகையைக் கைவிட்டுப் பட்டினியோடு திரும்ப வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் தாஷே, எவ்வளவு சொல்லியும் கேட்காமல், மொரீஷியஸ் போய்விட்டார்.

இதற்கிடையில் இன்னொரு முடிவும் எடுத்திருந்தார், என் பார்வையில் அவர் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். ஐதராபாத்திலிருந்து புஸ்ஸியைப் படையோடு திரும்பி வரச் சொன்னார். ஐரோப்பியக் கணக்குப்படி இது சரியான உத்தரவு: படையைச் சிதற விடாதே, ஒரே இடத்தில் குவி, எதிரியின் தலைமையிடத்தை அடி. ஆனால் புஸ்ஸி நிஜாமின் அவையில் உட்கார்ந்திருந்தது வெறும் படைத் தலைவராக இல்லை. அவர் அங்கே இருக்கிறவரைதான் அந்தக் கடற்கரை மாவட்டங்களின் வருவாய் பிரான்சுக்கு. அவர் கிளம்பியதும் கிளைவ் வங்காளத்திலிருந்து ஃபோர்டு என்ற அதிகாரியை அனுப்பினார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் போனது, நிஜாமும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். நிலையான வருமானம் வந்துகொண்டிருந்த ஒரே இடத்தை, சில நூறு கூடுதல் வீரர்களுக்காக லாலி கைவிட்டார்.

1758 டிசம்பரில் ஒருவழியாகச் சென்னை. நேரம் சரியானதுதான், மழைக்காலத்துக்காக போகாக் பம்பாய் போயிருந்தார், அவர் திரும்புவதற்குள் கோட்டையை எடுத்துவிட வேண்டும். செலவுக்கு லாலி தன் கைப்பணத்தையே போட்டார், அதிகாரிகளும் கொடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்துக்குள் நுழைந்தார்கள், இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற பக்கம். நுழைந்த வீரர்கள் கொள்ளையிலும் குடியிலும் இறங்கிவிட்டார்கள். பல மாதம் சம்பளம் பார்க்காதவர்கள். கோட்டைக்குள்ளிருந்து ஆங்கிலேயர் பாய்ந்து வந்து தாக்க, தெருச் சண்டையில் இரு பக்கமும் நிறையப் பேர் செத்தார்கள். அன்றே லாலியின் திறமையான அதிகாரி தெஸ்தேன் பிரபு பிடிபட்டார்.

முற்றுகை இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. உள்ளே கவர்னர் பிகாட்டும் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சும். வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு சிப்பாய்ப் படை லாலியின் உணவு வண்டிகளை மறித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிப்பாய்களின் தலைவர் வேறு யாருமல்ல, யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே அவர்தான். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து மொய்க்கிற ஈக்கள் மாதிரி என்று லாலி அவர்களைப் பற்றி எரிச்சலோடு எழுதினார். காலனியப் போரில் இன்னொரு பெரிய உண்மை இது. பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நாம் பேசிக்கொண்டே போகிறோம், ஆனால் இரண்டு பக்கத்துப் படைகளிலும் இந்த மண்ணின் ஆட்கள்தான் பெரும் எண்ணிக்கை. அவர்களை யார் நன்றாக நடத்தி, நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்களோ அவர்களுக்குப் பலம்.

1759 பிப்ரவரி 16 அன்று அடிவானத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. அதைப் பார்த்ததும் லாலி முற்றுகையை விட்டுக் கிளம்பினார், பீரங்கிகளையும் காயம்பட்டவர்களையும் விட்டுவிட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் தாஷே மீண்டும் வந்தார், போகாக்கோடு ஒரு பெரிய சண்டை போட்டார், கொஞ்சம் பணமும் ஆட்களும் இறக்கிவிட்டுப் போனார். அதோடு சரி, பிறகு வரவே இல்லை. அக்டோபரில் சம்பளம் கேட்டு பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்தார்கள், முகாமை விட்டு வெளியேறித் தங்களுக்கென்று ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பணம் புரட்டிக் கொடுத்துத்தான் திரும்பி வந்தார்கள்.

1760 ஜனவரி 22, வந்தவாசி. அயர் கூட் கைப்பற்றியிருந்த கோட்டையை மீட்க லாலி முற்றுகை போட்டிருந்தார், கூட் உதவிக்கு வந்தார். இரு பக்கமும் ஐரோப்பியர் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், சிப்பாய்களும் இருந்தார்கள், ஆனால் அன்றைய சண்டை பெரும்பாலும் ஐரோப்பியருக்கிடையே முடிந்துவிட்டது. லாலியோடு வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றது. லாலி தன் குதிரைப்படையை முன்னேறச் சொன்னார், அவர்களும் தயங்கினார்கள். பிரெஞ்சு இடப்பக்கத்தில் ஒரு வெடிமருந்து வண்டியில் குண்டு விழுந்து வெடிக்க, அந்தப் பக்கம் கலைந்தது. அதைச் சரிசெய்யப் போன புஸ்ஸி பிடிபட்டார். அரை நாள் சண்டை. வந்தவாசியில் அந்தக் கோட்டைச் சுவரின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு சின்ன இடத்திலா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த அரை நாளுக்குப் பின்னால் பிளாசியும், மசூலிப்பட்டினமும், கீழ்வேளூரும், பம்பாயும் இருக்கின்றன.

பிறகு ஒவ்வொரு ஊராக விழுந்து, கடைசியில் புதுச்சேரி மட்டும் மிஞ்சியது. நிலத்தில் கூட், கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள். மைசூரிலிருந்து ஐதர் அலியின் படை கொஞ்ச நாள் உதவிக்கு வந்து போனது. நவம்பர் கடைசியில் உணவு தீர்ந்துகொண்டு வர, நகரில் இருந்த சுமார் 1400 உள்ளூர் மக்களை, ஆண், பெண், குழந்தை எல்லோரையும், சோற்றுக்கு வழியில்லை என்று லாலி வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்டிப் போக விடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில், வெட்டவெளியில், ஒரு வாரம், கிடைத்த புல்லையும் வேரையும் தின்று கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் வழிவிட்டார். முற்றுகையில் சோற்றுக்குப் பாரமானவர்களை வெளியேற்றுவது ஐரோப்பாவிலும் இருந்த பழைய வழக்கம்தான். ஆனால் இது அவர்களுடைய ஊர். அந்த நகரத்தைக் கட்டியதும், துணி நெய்ததும், சுமை தூக்கியதும் அவர்கள்.

1761 ஜனவரி 1 அன்று பெரும் புயல் ஒன்று ஆங்கிலேயக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் ஒரு முறை லாலிக்குச் சாதகமாகத் திரும்பிய தருணம் அது. அந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை அருகில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். இல்லை. சில நாட்களில் மற்ற ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து மீண்டும் வழியை அடைத்தன. ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்தான்.

லாலியைக் கைதியாக இங்கிலாந்து கொண்டுபோனார்கள். பிரான்சில் அவர்மேல் துரோகக் குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆங்கிலேயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தானாகவே திரும்பிப் போனார். "என் தலையையும் என் குற்றமின்மையையும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று எழுதினார். 1762இல் பாஸ்தீல் சிறை. கனடாவும் போய், இந்தியாவும் போய், கும்பெனியின் பங்குதாரர்கள் பணத்தை இழந்து கொதித்துக்கொண்டிருந்த நேரம், யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் அவர் பகைத்துக்கொண்ட அத்தனை பேரும் சாட்சி சொல்ல வந்தார்கள். 1766 மே 9 அன்று, பேச முடியாதபடி வாயை அடைத்து, பாரிஸின் கிரேவ் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். கொடுமைக்காரர், அவசரக்காரர், எல்லாம் உண்மை. ஆனால் துரோகி இல்லை. நாட்டை விற்றதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இதை எடுத்துக்கொண்டு எழுதினார், லாலியின் மகன் பல வருடம் போராடினார், 1778 மே மாதம் அரசரின் ஆலோசனை மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வால்டேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது, சில நாட்களில் அவர் இறந்தார்.

தேவனாம்பட்டினம் கோட்டையை இடித்ததை நினைவில் வைக்கச் சொன்னேனே. ஆங்கிலேயர் அதை மறக்கவில்லை. புதுச்சேரியைப் பிடித்ததும் கோட்டையையும் மதிலையும் கவர்னர் மாளிகையையும் இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது, 1765இலிருந்து மறுபடி கட்டினார்கள். இன்று புதுச்சேரிக்குப் போய் நாம் படம் எடுத்துக்கொள்கிற மஞ்சள் சுவர்கள் அந்த இரண்டாவது ஊரைச் சேர்ந்தவை. லாலி பார்த்த லூயி கோட்டை நின்ற இடத்தில் இப்போது பாரதி பூங்கா இருக்கிறது, சாயங்காலம் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.